ஒன்பது மணி நடை

எட்டுப் பக்க வாரப் பத்திரிகை அது. மற்றப் பக்கங்களை யார் படித்தார்களோ இல்லையோ, ஆறாம் பக்கத்தைக் கடலோர மாவட்டம் முழுக்கப் படித்தது. ‘இந்த வாரம்’ என்று தலைப்புப் போட்டு, எந்தச் சங்கம் எங்கே எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று வரிசையாகக் கொடுத்திருக்கும் பக்கம். சதுரங்கக் கழகம், தோட்டக்காரர் சங்கம், பாட்டுக்குழு, தையல் வட்டம், ரத்ததான முகாம், பழைய நாணயம் சேர்ப்பவர்கள். நாணயக்காரர்கள் மொத்தமே நாலு பேர். அந்த நாலு பேருக்குள் இரண்டு கோஷ்டி, இரண்டு கூட்டம். இரண்டையும் போட்டாக வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த நாளே அலுவலகத்துக்கு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தைத் தயாரித்து வந்தவளை எல்லாச் சங்கத்துக்காரர்களும் பட்டியலக்கா என்று கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவனைக்கூட ‘பட்டியலக்கா வீட்டுக்காரர்’ என்றால்தான் ஊரில் தெரியும்.

அன்று திங்கட்கிழமை. அவள் அலுவலகப் படியேறும்போதே ஆசிரியர் போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“சாக்ஸ மடிச்சு ஷூவுக்குள்ள வச்சிருந்தாரா? சரி. அப்ப சந்தேகமே இல்ல. ஆமா, பொண்டாட்டி செத்து ஒரு வருஷம்னு சொன்னாங்க.”

போனை வைத்துவிட்டு அவளிடம் விவரம் சொன்னார். நேற்று மத்தியானம், கடல்நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுக்காரர்கள் ஒரு பெரியவரின் உடலைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கடற்கரைப் படிக்கட்டின் கடைசிப் படியில் அவருடைய ஷூ ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால்தான் ஊருக்கு வந்தவர். தண்ணீர்த் தொட்டி வீதியில் தனியாகக் குடியிருந்தார். யாரோடும் பழக்கமில்லை. ஒரே மகள், வெளியூர்.

“தெளிவான கேசு. முதல் பக்கத்துல போட்டுடலாம்,” என்றார்.

அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. ஷூ என்ற சொல் அவள் காதிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பத்திரிகை கடைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு மணி நேரத்தில், ஒருவர் போன் செய்திருந்தார். தணிந்த குரல், அவசரமில்லாத பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மணல்திட்டு நடை என்று போட்டிருக்கிறதே, சங்கத்தில் இல்லாதவர்கள் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்றாள். பத்திரிகையில் ஒன்பது மணி என்று இருக்கிறது, அதுதானே என்றார். அதுதான் என்றாள். என்ன போட்டுக்கொண்டு வருவது என்று கேட்டார். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

“ஈர மணலுங்க, ஷூ நனஞ்சுடும். படியிலயே கழட்டி வச்சுட்டுப் போயிடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அப்புறம், லேட் பண்ணிடாதீங்க. குழுவுக்குச் செயலாளர் ஒருத்தர் இருக்காரு, கடிகாரம்னு பேரு. யாருக்காகவும் நிக்க மாட்டாரு.”

அவர் மெல்லச் சிரித்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மேஜையின் இடது பக்கக் கம்பியில், வேலை முடிந்த கடிதங்களைக் குத்தி வைப்பாள். அதைப் பிரித்துப் பார்த்தாள். ஏழாவது காகிதம் கடிகாரத்தின் கையெழுத்து. முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், அச்செழுத்துப் போல எழுதுவார். ‘இந்த ஞாயிறு கடல்நீர் வற்றும் நேரம் முன்கூட்டியே வருவதால், நடை காலை ஆறு மணிக்கு. வழக்கமான ஒன்பது அல்ல. தயவுசெய்து மாற்றிப் போடவும்.’ ஆறு என்பதற்கு அடியில் இரண்டு கோடு. கடிதத்தின் மூலையில் சிவப்புப் பென்சிலில் ஒரு ‘சரி’ குறி. அவளுடைய குறிதான்.

படித்திருக்கிறாள். குறி போட்டிருக்கிறாள். மாற்றவில்லை. அந்தப் புதன்கிழமை பாட்டுக்குழுத் தலைவி போனில் வந்து, போன வாரம் தன் பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதற்காக இருபது நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். பழைய பக்கத்தின் மேலேயே புதுப் பக்கத்தைத் தட்டுவது அவள் வழக்கம். பழைய ஒன்பது அப்படியே நின்றுவிட்டது.

நடைக்குழு ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பி, எட்டேகாலுக்கெல்லாம் கலைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அவர் வந்திருப்பார். ஆள் இல்லை. திட்டின் மேல் பன்னிரண்டு பேருடைய காலடித் தடம் கடலுக்குள் நீண்டிருந்திருக்கும். நாம்தான் பிந்திவிட்டோம் என்று எட்டி நடை போட்டிருப்பார். திட்டு நடுவில் தாழ்வு. தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அந்த இடம்தான். திட்டின் கடைசியில் இருக்கும் பாறைவரை போய்விட்டுத் திரும்புகிறவனுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அது தெரியும்.

அன்று அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் கணவன், “என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டதற்கு, தலைவலி என்றாள்.

செவ்வாய்க்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். போன் வந்ததையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இத வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்ல சார்.”

“சொல்லாத. நான் சொல்றத பொறுமையா கேளு. நீ ஒன்பதுன்னு போட்டதால கடல் ஏறல. கண்ணு இருக்கு, தண்ணி வர்றது தெரியாதா ஒரு மனுஷனுக்கு? அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நீயும் பாக்கல, நானும் பாக்கல.”

“சார், அவர் நடக்கத்தான் போனாரு. என்கிட்ட கேட்டுட்டுத்தான் போனாரு.”

“போலீஸ்ல முடிச்சுட்டாங்க. பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டு, இன்னிக்குக் காலையில அடக்கமும் ஆயிடுச்சு. இனிமே இதக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நாளைக்கு ஒரு சங்கம் நமக்கு லெட்டர் அனுப்புமா? இந்த ஆறாம் பக்கம் போச்சுன்னா பத்திரிகையே போச்சு. அச்சுல இருக்கிறவங்களையும் சேத்து ஒன்பது குடும்பம்.” கடிதத்தை மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டார். “நீ நல்ல பொண்ணு. பிழை எல்லாருக்கும் வரும். போய் வேலையப் பாரு.”

அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய மகன் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டபோது மூன்று வாரம் அவளுடைய வேலையையும் சேர்த்துத் தானே செய்தவர். அதை நினைத்துத்தான் அவள் எதிர்த்துப் பேசாமல் வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பொதுக்கூடத்தில் தோட்டக்காரர் சங்கக் கூட்டம். மாதத்துக்கு ஒரு முறை அவள் நேரில் போய்க் குறிப்பெடுப்பாள். மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் தேநீர்க் கொதிகலன், பக்கத்து அறையில் பாட்டுக்குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. கத்தரித்த கிளையில் என்ன தடவுவது என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். தேநீர் இடைவேளையில் பேச்சு கடலுக்குத் திரும்பியது.

“பாவம், மக கூப்பிட்டு வச்சுக்கலயாம்.”

“இந்தக் காலத்துல யாரு வச்சுக்கிறாங்க? ஷூவக்கூட ஒழுங்கா வச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க. தீர்மானம் பண்ணிட்டுத்தான் போயிருக்காரு.”

“நான் அவர ஒரு தடவ ரொட்டிக் கடையில பாத்தேன். அப்பவே முகத்துல ஒரு களை இல்ல.”

அவள் தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கடிகாரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அவளுக்காகத்தான் காத்திருந்தார். எப்போதும் விறைப்பாக நிற்கிற மனிதர், சுவரில் சாய்ந்திருந்தார்.

“வெள்ளிக்கிழமையே பேப்பர பாத்தேம்மா,” என்றார், எடுத்த எடுப்பிலேயே. “ஒன்பதுன்னு இருந்துச்சு. நம்ம ஆளுங்க பன்னண்டு பேருக்கும் போன் பண்ணி ஆறுன்னு சொல்லிட்டேன். மூணு வருஷமா வெளியாளு ஒருத்தரும் வந்ததில்ல. இப்ப மட்டும் யாரு வரப்போறான்னு விட்டுட்டேன். உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். குத்தம் சொல்ற மாதிரி இருக்குமேன்னு பண்ணல.”

அவர் நிறுத்தவில்லை.

“எட்டே காலுக்கு எல்லாரையும் அனுப்பிட்டு, ஒன்பது வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போவோமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. குளிரா இருந்துச்சு. போயிட்டேன்.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நீ சொல்லிட்டா நானும் சொல்லியாகணும். வீட்ல அவளுக்கு இருதயம் சரியில்ல. இந்தச் செய்தியெல்லாம் தாங்க மாட்டா. நீ சொல்லலன்னா நானும் சொல்லல.”

“செத்துப்போனவரோட பொண்ணுக்கு என்ன சொல்லியிருக்காங்க தெரியுமாண்ணே?”

“தெரியும்,” என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டான்.

“உன் வேலை போயிடும்.”

“தெரியும்.”

“கேசு கீசுன்னு இழுத்தடிப்பாங்க.”

“தெரியும்ங்க.”

“அப்ப என்கிட்ட ஏன் கேக்கற?”

“கேக்கல. சொல்றேன்.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது.

வியாழக்கிழமை காலை அவள் தண்ணீர்த் தொட்டி வீதிக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. சுவரில் பத்திரிகையின் ஆறாம் பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. பேனாவால் மூன்று இடத்தில் வட்டம். புதன் சதுரங்கம், சனி ரத்ததானம், ஞாயிறு நடை. ரத்ததானத்துக்குப் பக்கத்தில் ‘வயது கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கட்டிலில் சட்டைகளை மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். ஏதோ சங்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, உட்காரச் சொன்னாள்.

பட்டியலக்கா உட்காரவில்லை. பத்திரிகையில் என்ன வேலை செய்கிறாள் என்பதில் தொடங்கி, நின்றபடியே சொல்லி முடித்தாள். கடிதம், சிவப்புக் குறி, போன், ஷூ. எதையும் பூசி மெழுகவில்லை.

மகள் ஒரு சட்டையைப் பாதி மடித்த நிலையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா உங்ககிட்ட பேசினாரா?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம்.”

“வேற என்ன கேட்டாரு?”

“பன்னண்டுக்குள்ள திரும்பிடலாமான்னு கேட்டாரும்மா. ஒரு மணிக்கு என் பொண்ணு போன் பண்ணும், அதுக்குள்ள வீட்டுக்கு வந்தாகணும்னாரு.”

மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“பண்ணேன்,” என்றாள். “அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. போன வாரம் எங்கூட வந்து இருக்கேன்னு கேட்டாரு. பையனுக்குப் பரீட்சை முடியட்டும்பான்னு சொன்னேன். சரிம்மா, அவசரமில்லன்னாரு. அந்தக் கோவத்துலதான் எடுக்கலன்னு நெனச்சேன். எனக்கும் கோவம் வந்துச்சு. திரும்ப அடிக்கல.”

வாசலில் ஒரு வண்டி தண்ணீர் கேன் இறக்கிவிட்டுப் போனது.

“நீங்க இத எப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க?”

“திங்கட்கிழமை காலையில.”

“திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் போலீஸ்காரர் என்னப் பாத்து, உங்களுக்கும் அப்பாவுக்கும் ஏதாவது மனஸ்தாபமான்னு கேட்டாரு. ஆமான்னு எழுதிக் குடுத்தேன். அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அடக்கம் பண்ணும்போதும் தெரியும்.”

“தெரியும்மா.”

“எங்க பெரியப்பா எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியப் பாத்து, உன்னாலதான்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் இருந்தேன், இந்த நாலு நாளும். நான்தான் கொன்னுட்டேன்னு.” குரல் உயரவே இல்லை. “நீங்க போங்க.”

வாசலைத் தாண்டும்போது மகள் மறுபடியும் பேசினாள்.

“எனக்கு வந்து சொன்னா முடிஞ்சுதா? பேப்பர்லதான தப்பா போட்டீங்க. பேப்பர்ல போடுங்க.”

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆசிரியர் எல்லாப் பக்கத்தையும் பார்த்து ஒப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். முதல் பக்கத்தில் அவர் எழுதிய செய்தி இருந்தது: ‘மனைவியை இழந்த துயரம்: கடலில் இறங்கினார் முதியவர்.’ அதை மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. ஆறாம் பக்கம் அவளுடையது. இடம் இல்லாததால் நாணயக்காரர்களில் ஒரு கோஷ்டியைத் தூக்கினாள். அந்த இடத்தில் எழுதினாள்.

‘திருத்தம்: சென்ற ஞாயிற்றுக்கிழமை மணல்திட்டு நடை காலை ஆறு மணிக்கு நடந்தது. இந்தப் பக்கத்தில் ஒன்பது என்று தவறாக வந்தது. நடைக்குழு சரியான நேரத்தை முன்பே எழுதித் தெரிவித்திருந்தது. அதை மாற்றாமல் விட்டவள் இந்தப் பக்கத்தைத் தயாரிக்கும் நான். போனில் கேட்டவருக்கும் ஒன்பது என்றே சொன்னேன். ஷூவைப் படியில் விட்டுப் போகச் சொன்னதும் நான். அதை நம்பிப் போனவர் தண்ணீர் ஏறியதில் இறந்துபோனார். அவர் நடக்கத்தான் போனார். பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்ப நினைத்திருந்தார்.’

மூன்று முறை படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு நடைக்குக் கடிகாரம் அனுப்பியிருந்த நேரத்தை, பகல் பதினொன்றே முக்கால், விரலை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரே பத்திரிகை இரண்டு விதமாகச் சொன்னது. முதல் பக்கத்தில் அவர் தானே உயிரை விட்டார். ஆறாம் பக்கத்தில் இவளால் செத்தார். பத்து மணிக்கு ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விட்டிருக்க மாட்டீங்க சார்.”

“விட்டிருக்க மாட்டேன்தான்.” சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “இது உனக்குத் தேவைப்படும்.”

அவள் தன் குடையையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்துக்கொண்டு இறங்கும்போது, விட்டுப்போன கோஷ்டியின் நாணயக்காரர்கள் இருவரும் சண்டைக்குத் தயாராகப் படியேறி வந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தெருவுக்கு வந்த பிறகும் மேலே சண்டைச் சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைத்தெருவில் யாரும் அவளைப் பட்டியலக்கா என்று கூப்பிடவில்லை. பேர் தெரியாததால் வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை போலிருக்கிறது. காய்கறிக் கடைக்காரர் மட்டும் காசை வாங்கிக்கொண்டு, “அந்தப் பொண்ணு காலையில முதல் பஸ்ஸுக்குப் போச்சு. என்கிட்ட பத்துப் பேப்பர் இருந்துச்சு, பத்தையும் வாங்கிடுச்சு,” என்றார். அவளுக்கென்று ஏதும் சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்க வாய் வரவில்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

மத்தியானம் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடிகாரம் காலையில் தானாக வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், அவளும் ஞாயிறு ஒரு மணிக்கு வர வேண்டும் என்றார். கணவன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்தவன், நாளைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டேன், நானும் வருகிறேன் என்றான். வேண்டாம், தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே அவள் கடற்கரைப் படிக்கட்டுக்குப் போனாள். கடிகாரம் படியில் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு பேரில் ஒருவரும் வரவில்லை. அவள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். அவர் மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார். நீர் நன்றாக வற்றி, திட்டு பாறைவரை வெளியே தெரிந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஓர் இளம் தம்பதி பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த மாதம்தான் ஊருக்கு வந்தார்களாம். ஆறாம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்திருக்கிறார்கள், மேலே இருந்த திருத்தத்தைப் படிக்கவில்லை.

“நடைக்குத்தான சார் நிக்கிறீங்க?” என்றான் அவன். “பதினொன்னே முக்கால்தான?”

கடிகாரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

“சரிதான். வாங்க,” என்று சொல்லி முன்னால் இறங்கினார். “என்னத் தாண்டிப் போகக் கூடாது. திரும்புன்னு சொன்னா அந்த இடத்துலயே திரும்பிடணும்.”

அவள் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்து, மூன்று உருவங்களும் சின்னதாகிப் பாறையருகே நின்று, திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. திட்டின் தாழ்வான இடத்தை அவர்கள் கடந்தபோது அங்கே இன்னும் தண்ணீர் ஏறவில்லை. மூன்று பேரும் படியில் கால் வைத்த பிறகுதான் எழுந்தாள்.

காவல் நிலையத்துக்கு அவள் போய்ச் சேரும்போது மணி இரண்டு. ஏன் தாமதம் என்று கேட்டார் எழுத்தர். கடற்கரையில் இருந்தேன் என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.